தனிக் கணினிக்குத் திறமூல இயங்குதளம்: தேர்வு முதல் நிறுவல் வரை

லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் டெபியன், உபுண்டு, ஃபெடோரா எனப் பல தொகுப்புகளாக வருகிறது. இவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள். எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். பத்தும் சொன்னவர்களின் கணினியில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கணினியில், உங்கள் வேலைக்கு ஓடுமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: நீங்கள் விட முடியாத மென்பொருள், உங்கள் வன்பொருள், ஆதரவு முடியும் தேதி. இந்த வரிசையிலேயே பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டின் அழகைப் பார்த்து ஏற்றியவர்கள்தான் மூன்றாவது வாரமே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுகிறார்கள்.

இயங்குதளத்துக்குக் காசு கிடையாது. செலவாகும் பொருள்கள் மூன்று: 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று, உங்கள் கோப்புகள் மொத்தமும் கொள்ளும் வெளிவட்டு ஒன்று, முடிந்தால் புதிய எஸ்எஸ்டி ஒன்று (500 ஜிபி போதும்). மூன்றாவது கட்டாயமில்லை. ஆனால் பழைய வட்டைத் தொடாமல் புதிய வட்டில் ஏற்றுவதைப் போல நிம்மதி தரும் வழி வேறில்லை. நேரத்துக்கு இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள். நிறுவல் அரை மணி நேர வேலைதான். காப்புப் பிரதி எடுப்பதும் சோதிப்பதும்தான் நாளைத் தின்னும்.

1. விட முடியாத மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு வாரம் கணினியில் எதையெல்லாம் திறக்கிறீர்களோ அதையெல்லாம் குறித்துக்கொண்டே வாருங்கள். நினைவிலிருந்து எழுதினால் மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் மென்பொருள் விட்டுப்போகும். கடைசியில் தடுக்கி விழவைப்பது அதுதான்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். லினக்ஸிலும் அப்படியே கிடைப்பவை முதல் வகை: பயர்பாக்ஸ், குரோம், பிளெண்டர், கிரிட்டா, இன்க்ஸ்கேப், ஓபிஎஸ், விஎல்சி, விஎஸ் கோட். மாற்று உள்ளவை இரண்டாம் வகை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ் அல்லது ஒன்லி ஆபீஸ், போட்டோஷாப்புக்கு ஜிம்ப் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் கோப்புகளை வைத்து வேலை செய்பவருக்கு அது மாற்றே ஆகாது. உங்கள் சொந்தக் கோப்புகளில் சிக்கலான ஐந்தை எடுத்து, விண்டோஸில் இருக்கும்போதே லிப்ரே ஆபீஸில் திறந்து, சேமித்து, மறுபடி திறந்து பாருங்கள்.

மூன்றாம் வகை, லினக்ஸில் முறையாக ஓடாதவை: அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் தொகுப்பு, ஆட்டோகேட், வாலரண்ட் போல ஏமாற்றுத் தடுப்பைக் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் உட்கருவுக்குள்) வைத்திருக்கும் விளையாட்டுகள். மின்கையொப்ப யூஎஸ்பி டோக்கன் பயன்படுத்துபவர்கள், அதைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸ் டிரைவர் தருகிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றாம் வகையில் ஒன்றே ஒன்று இருந்தாலும் விண்டோஸை முழுதாக நீக்காதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

'லினக்ஸுக்கும் உண்டு' என்ற அறிவிப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம். டாவின்சி ரிசால்வுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 வீடியோவைத் திறக்காது. பல கேமராக்களும் கைபேசிகளும் பதிவு செய்வது அந்த வடிவத்தில்தான்.

2. வன்பொருள் விவரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

பிராசசர், நினைவகம், கிராபிக்ஸ் கார்டு, வைஃபை சிப், மதர்போர்டின் மாடல், பிரிண்டர் ஆகிய ஆறும் வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன், டிவைஸ் மேனேஜர் இரண்டிலும் பார்த்தால் எல்லாம் கிடைக்கும். வைஃபைக்குப் பெட்டியில் அச்சிட்ட பெயர் போதாது. ஒரே பெயரில் விற்கும் அடாப்டருக்குள் மாதத்துக்கொரு சிப் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்து எழுதுங்கள். தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல் சிப். பெரும்பாலும் தொல்லை இருக்காது. பிராட்காம் என்றால் டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரக் கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் போதும். கேபிளைத் தயாராக வைத்திருங்கள்.

தேர்வையே மாற்றிவிடக்கூடியது கிராபிக்ஸ் கார்டு. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வருகிறது. கார்டைவிடக் கெர்னல் புதிதாக இருந்தால் சரி. கார்டு புதிது, கெர்னல் பழையது என்றால் தெளிவில்லாத திரையோ கறுப்புத் திரையோதான் கிடைக்கும். உதாரணமாக டெபியன் 13-இல் இருப்பது கெர்னல் 6.12; அது 2024 நவம்பரில் வெளியானது. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த வன்பொருளுக்கு டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து (நிலையான பதிப்புக்குப் புதிய மென்பொருள் தரும் இடம்) புதிய கெர்னல் எடுக்க வேண்டும், அல்லது ஃபெடோரா பக்கம் போக வேண்டும்.

என்விடியாவின் கணக்கு வேறு. அதன் டிரைவர் தனியே நிறுவப்படுவது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு 570 அல்லது அதற்கு மேற்பட்ட டிரைவர் வேண்டும். டெபியன் 13-இன் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பதோ 550 வரிசை. மறுமுனையில், ஜிடிஎக்ஸ் 10 வரிசை போன்ற பழைய கார்டுகளை ஆதரிக்கும் கடைசி டிரைவர் வரிசை 580. அந்தக் கார்டுகளை வைத்திருப்பவர்கள் எப்போதும் புதிய டிரைவரைத் திணிக்கும் டிஸ்ட்ரோவைத் தவிர்க்க வேண்டும். கார்டு இனிமேல்தான் வாங்கப்போகிறீர்களா? கூடா (CUDA, என்விடியா கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் தொழில்நுட்பம்) தேவையில்லையென்றால் ஏஎம்டியையே வாங்குங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

3. ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள்

பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் நாள் எது என்று தெரியாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதற்குமேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் உண்டு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புகள் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும். ஆதரவு ஐந்து ஆண்டு. இடையில் வரும் மற்ற உபுண்டுப் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். பதிவிறக்கும்போது 'எல்டிஎஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கத் தவறுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம். ஆர்ச், ஓபன்சூசே டம்பிள்வீட் ஆகியவற்றுக்குப் பதிப்பே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். அப்டேட்டும் ஓயாது.

தேதியை மட்டுமல்ல, அதைச் சொன்னவர் யார் என்பதையும் பாருங்கள். 2029 வரை என்று சொல்லப்பட்டிருந்த சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-இன் ஆதரவு 2021 டிசம்பர் 31-லேயே நிறுத்தப்பட்டது. ஓரிருவர் மட்டும் நடத்தும் சிறிய டிஸ்ட்ரோவில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். அதன் தோற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலைக்கான கணினியில் அதை ஏற்றாதீர்கள்.

4. இரண்டாகச் சுருக்குங்கள்

மேலே எழுதிய மூன்று தாள்களையும் எதிரில் வைத்துக்கொண்டு இங்கே வாருங்கள். கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸுக்கே புதியவர், கணினி வாங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றால் லினக்ஸ் மின்ட் சின்னமன். டிரைவர் மேலாளர், டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி எல்லாம் கூடவே வருகின்றன. விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது.

கூடா, இயந்திரக் கற்றல், அல்லது ஏதேனும் நிறுவனம் விற்கும் பொறியியல் மென்பொருள் வேண்டுமென்றால் உபுண்டு எல்டிஎஸ். அது எல்லாவற்றிலும் சிறந்தது என்பதற்காக அல்ல. அந்த நிறுவனங்கள் சோதித்துப் பார்ப்பது அதில்தான். 'ஆதரிக்கப்படும் இயங்குதளம்' என்ற பட்டியலில் எது இருக்கிறதோ, எந்த எண் இருக்கிறதோ, அதையே போடுங்கள். ரெட் ஹேட்டை மட்டும் குறிப்பிடும் மென்பொருள் என்றால் ஆல்மா லினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ். இரண்டுக்கும் பத்தாண்டு ஆதரவு.

புதிய வன்பொருள், ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்றத் தயக்கமில்லை என்றால் ஃபெடோரா. இதில் இரண்டு பொறிகள் உண்டு. எச்.264 போன்ற காப்புரிமை உள்ள வீடியோ வடிவங்களைத் திறக்கும் முழு கோடெக்குகள் இயங்குதளத்துடன் சேர்ந்து வராது. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். என்விடியா டிரைவரும் அங்கிருந்துதான். டிரைவர் நிறுவி முடிந்தது என்று திரையில் வந்தவுடன் மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். அது பின்னணியில் கெர்னலுக்கான மாட்யூலைத் தொகுத்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் மறுமுறை டிரைவர் இல்லாமல்தான் எழும்.

ஏற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் வேலை பார்க்க வேண்டும் என்றால் டெபியன். 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை ஃபர்ம்வேரும் நிறுவியுடனேயே வருவதால் முன்பிருந்த பெரிய தடை நீங்கிவிட்டது.

புதியவற்றை உடனுக்குடன் வேண்டுபவர்களுக்கு டம்பிள்வீட். அப்டேட் ஏதாவது கெடுத்துவிட்டால், தொடக்கத் திரையிலேயே பழைய ஸ்னாப்ஷாட்டை (முந்தைய நிலையின் பதிவை) தேர்ந்து திரும்பலாம். ஆர்ச்சில் அந்த வசதியை நீங்களே அமைக்க வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் அதன் செய்திப் பக்கத்தைப் படிக்கவும் வேண்டும். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்வாசல் அம்பலமானபோது, அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்திருந்தது இப்படி ஓடிக்கொண்டே இருப்பவற்றிலும் சோதனைக் கிளைகளிலும்தான். டெபியனின் நிலையான பதிப்பு தப்பியது. புதிது வேண்டும் என்பவர் இந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

லினக்ஸ் அல்லாத திறமூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி? இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு உள்ளேயே இருப்பதும், முழு இயங்குதளமும் ஒரே குழுவின் கையில் இருப்பதும் அருமையானவை. ஆனால் கிராபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து எடுத்து மாற்றப்படுவதால் பின்தங்கியே வரும். டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) நேரடியாக ஓடாது. செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் எழவிடும் அமைப்பு) அணைக்க வேண்டும். கேபிள் இணையமும் சற்றுப் பழைய கார்டும் உள்ள மேசைக் கணினிக்குத் தாராளமாக முயலலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டியில் ப்ளூடூத் இல்லை, என்விடியாவுக்கு முடுக்கம் இல்லை. இந்த இரண்டும் தேவைப்படாதவர்கள் மட்டும் பாருங்கள்.

5. டெஸ்க்டாப் சூழல்

திரையின் தோற்றத்தையும் சாளரங்களையும் மெனுவையும் தருவது இது. நோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ ஆகிய நான்கில் ஒன்று போதும். 4 ஜிபி நினைவகம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. ஒரு 4கே திரையும் ஒரு சாதாரணத் திரையும் அருகருகே வைத்திருந்தால் வேலண்டில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) ஓடும் பிளாஸ்மா 6 அல்லது நோம். பழைய முறையான எக்ஸ்11-இல் ஒன்றில் எழுத்து பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் நின்று தொல்லை தரும். வேலண்டில் பழைய திரைப்பதிவு, தொலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சில வேலை செய்யாது. முதல் பட்டியலில் அப்படி ஏதும் இருந்தால் சரிபாருங்கள்.

6. ஐஎஸ்ஓ கோப்பும் பென் டிரைவும்

ஐஎஸ்ஓ என்பது டிஸ்ட்ரோவின் நிறுவல் கோப்பு. அதை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 3 முதல் 6 ஜிபி வரை இருக்கும். இறக்கியதும் ஷா256 தொகையை (கோப்பின் கைரேகை போன்ற எண்) சரிபாருங்கள். பாதியில் சிதைந்த கோப்பு நிறுவலின் 80 விழுக்காட்டில் நின்றுபோய், வட்டு கெட்டுவிட்டது என்று எண்ண வைக்கும். தொகை பொருந்தினால் கோப்பு முழுதாக வந்தது என்று அர்த்தம். உண்மையானது என்று அர்த்தமில்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் பதிவிறக்க இணைப்பையே போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே பிறர் கையில் இருந்தால் தொகையையும் மாற்றிவிட முடியும். அதனால் ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிட்டவரின் மின்னணு முத்திரை) சரிபார்ப்பது நல்லது. செய்முறை எல்லாப் பெரிய டிஸ்ட்ரோக்களின் பதிவிறக்கப் பக்கத்திலும் இருக்கிறது. பத்து நிமிட வேலை.

அதைப் பென் டிரைவில் எழுத ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போதும். தேர்ந்த இரண்டையும் ஒரே பென் டிரைவில் வைக்க வென்டாய் உதவும்.

7. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவிலிருந்து தொடங்கி, 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்து, குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள். வைஃபை, ப்ளூடூத், ஒலி, மைக், எல்லா யூஎஸ்பி வாய்கள், இரண்டாவது திரை, பிரிண்டர், ஸ்கேனர் என ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். கணினியை உறக்கத்தில் வைத்து எழுப்புங்கள். இதை யாரும் சோதிப்பதில்லை, பிறகு தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

என்விடியா கார்டு இந்த நிலையில் மந்தமாக இருந்தால் அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். திறமூல மாற்று டிரைவரில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையே வரவில்லை என்றால் தொடக்கப் பட்டியலில் பாதுகாப்பான கிராபிக்ஸ் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவியின் வட்டுப் பட்டியலையும் திறந்து பாருங்கள். உங்கள் எஸ்எஸ்டி அதில் இல்லையென்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற வட்டு அமைப்பு இயங்குவது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டும். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தபின் அந்த அமைப்பை நீக்குங்கள். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழாது.

8. நிறுவும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டு மறையாக்கம்) மீட்புச் சாவி, 48 இலக்கம். காகிதத்தில். பிட்லாக்கரை நான் போடவே இல்லை என்பவர்களும் பாருங்கள்: மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடங்கிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் அது தானாகவே இயங்கியிருக்கும். செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டதும் அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் வட்டில் உள்ளவை போனது போனதுதான்.

இரட்டைச் சரிபார்ப்புச் செயலிகளின் மீட்புக் குறியீடுகள், மென்பொருள் உரிம எண்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் எடுங்கள். கோப்புகளை வெளிவட்டுக்குப் படியெடுத்து, வட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விண்டோஸை வைத்துக்கொள்பவர்கள் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாகம் லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும், எழுத முடியாது.

9. நிறுவல்

இரண்டு வட்டு இருந்தால், விண்டோஸ் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள், அல்லது பயாஸில் அந்த வட்டை முடக்குங்கள். மின்ட் 22-இன் நிறுவி, பூட்லோடரை (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) எங்கே போட வேண்டும் என்று நீங்கள் சொன்னதையும் மீறி முதல் வட்டின் இஎஃப்ஐ பாகத்திலேயே எழுதிவிடும். பிறகு பழைய வட்டை எடுத்தால் லினக்ஸ் எழாது.

பாகங்களை நீங்களே பிரிப்பதானால்: இஎஃப்ஐ (பூட்லோடர் இருக்கும் இடம்) 1 ஜிபி, ரூட் (இயங்குதளம் இருக்கும் இடம்) 100 ஜிபி, மீதி முழுதும் ஹோம் (உங்கள் கோப்புகள்). ஃபிளாட்பேக் (எல்லா டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான தொகுப்பு வடிவம்) செயலிகள் ரூட்டில்தான் குவியும் என்பதால் 30 ஜிபி போதும் என்ற பழைய கணக்கு இப்போது ஆகாது. ஸ்வாப் (நினைவகம் நிரம்பும்போது உதவும் வட்டு இடம்) 8 ஜிபி. ஹைபர்னேட் வேண்டுமென்றால் நினைவகத்தின் அளவுக்கு. கோப்பமைப்பு எது என்று குழம்ப வேண்டாம். நிறுவி தானாக முன்வைப்பது எதுவோ அதுவே சரி: மின்ட், உபுண்டு, டெபியனில் எக்ஸ்ட்4, ஃபெடோராவில் பிடிஆர்எஃப்எஸ். வட்டை மறையாக்கம் செய்வதை மட்டும் இப்போதே முடிவெடுங்கள். பின்னர் சேர்ப்பது ஏறத்தாழ மறுநிறுவல்.

தமிழர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நிறுவியில் விசைப்பலகையாகத் தமிழைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மறையாக்கக் கடவுச்சொல் கேட்கும் திரையில் நீங்கள் தட்டுவது என்ன எழுத்தாகப் போகிறது என்றே தெரியாது. ஆங்கிலம் யூஎஸ் என்று வையுங்கள். இடைமுக மொழியைத் தமிழாக வைத்தால் 'பதிவிறக்கங்கள்' போன்ற கோப்புறைப் பெயர்களும் தமிழிலேயே உருவாகும். முனையத்தில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் அங்கே அவற்றைக் கையாள்வது சிரமம். ஆங்கிலத்தில் நிறுவிவிட்டு, பிறகு மொழியை மாற்றுங்கள். கோப்புறைப் பெயர்களையும் மாற்றவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

10. முதல் நாளும் முதல் மாதமும்

முதலில் முழு அப்டேட், பிறகு மறுதொடக்கம். அடுத்தது என்விடியா டிரைவர். செக்யூர் பூட் இயங்கினால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று சில வினாடிகள் மட்டும் வரும். அதில் சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். புரியாமல் தொடர்ந்துவிட்டால் டிரைவர் ஏறாது. டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தப் பதிவை மறுபடி தொடங்கினால் போதும்.

தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். நோட்டோ தமிழ் எழுத்துருவையும் சேருங்கள். பிளாஸ்மாவில் வேலண்ட் என்றால் எஃப்சிஐடிஎக்ஸ் (Fcitx) 5 என்ற உள்ளீட்டுக் கருவியை நிறுவி, அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒரு படியை விட்டால் சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது.

விண்டோஸுக்குப் போய்த் திரும்பினால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளி நிற்கும். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் யூடிசியிலும் (உலகப் பொது நேரம்) விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் எழுதுவதால் வருவது. விண்டோஸை யூடிசிக்கு மாற்றுவதே சரியான தீர்வு.

டைம்ஷிஃப்டை இயக்குங்கள். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை. உங்கள் ஹோம் கோப்புறையை அல்ல. அதற்கு டேஜா டூப் போன்ற தனிக் கருவியால் வெளிவட்டுக்கு வாராந்திரப் பிரதி எடுங்கள்.

டெபியனில் உபுண்டுவின் பிபிஏக்களை (உபுண்டுவுக்கென்றே வெளியாட்கள் நடத்தும் களஞ்சியங்கள்) சேர்க்காதீர்கள். வேறு பதிப்புக்கான களஞ்சியத்தையும் கலக்காதீர்கள். நிறுவிய அன்று ஒன்றும் ஆகாது. அடுத்த பதிப்புக்கு மாறும் நாளில் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். ஏதேனும் நிறுவும்போது நீக்கப்படப்போகும் தொகுப்புகள் என்று ஒரு நீண்ட பட்டியல் வந்து, அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய விண்டோஸ் வட்டை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். முதல் பட்டியலில் இருந்த மாதம் ஒருமுறை வேலையைப் புதிய கணினியில் ஒரு தடவை முழுதாக முடித்த பிறகு, அந்த வட்டை அழித்து வெளிவட்டுக்கு இரண்டாவது பிரதியாக்கிக்கொள்ளலாம்.